காஷான் நீலம்: ஈரானிய முறையில் முதல் கிண்ணம் செய்ய ஒரு வழிகாட்டி

ஈரானியப் பீங்கானின் நீலப்பச்சையைப் பார்த்துவிட்டு, "இந்தக் கலர் பவுடர் எங்கே கிடைக்கும்?" என்றுதான் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். அதற்கென்று தனிப் பவுடர் கிடையாது. செப்புக்குடத்தில் பச்சையாகப் பூக்கிற களிம்பில் இருக்கிறதே, அதே செம்புதான். அந்தச் செம்பை ஈயம் சேர்ந்த கிளேஸில், அதாவது சூட்டில் உருகிப் பாத்திரத்தின்மேல் கண்ணாடியாகப் படியும் பூச்சில், கலந்து சுட்டால் இலைப்பச்சை வரும். சோடா மிகுந்த காரக் கிளேஸில் கலந்து சுட்டால் ஈரானியர்கள் 'ஃபிரூஸே' என்று சொல்லும் அந்த நிறம் வரும். சூளை ஒன்று, செம்பும் ஒன்று, நிறம் மட்டும் இரண்டு.

சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. காரக் கிளேஸ் சூட்டில் நன்றாக விரிந்து, ஆறும்போது நன்றாகச் சுருங்கும். சாதாரணக் களிமண் அந்த அளவுக்குச் சுருங்காது. விளைவாகக் கிளேஸ் முழுக்க வலை வலையாக விரிசல் விழும், சில சமயம் பெயர்ந்தும் போகும். ஆகவே இங்கே பாத்திரத்தைச் செய்துவிட்டு அதற்குக் கிளேஸ் தேடக்கூடாது. கிளேஸை முதலில் முடிவு செய்து, அதற்குப் பொருந்துகிற மண்ணைக் கலக்க வேண்டும். இந்த ஒன்று மனதில் நின்றுவிட்டால் கீழே வரும் ஒவ்வொரு படிக்கும் காரணம் தானாக விளங்கும்.

செய்யப்போவது பன்னிரண்டு, பதினைந்து செ.மீ. அகலமுள்ள ஒரு சின்னக் கிண்ணம். வகை, நிழலுருப் பாண்டம். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஈரானில் செய்தார்கள். வெள்ளை உடலின் மேல் தடிமனாகக் கருப்புப் பூச்சு பூசி, வேண்டாத இடத்தைக் கத்தியால் சீவி எடுத்துவிடுவார்கள். மிஞ்சி நிற்கும் கொடியும் இலையும் விலங்கும் நிழல் போலத் தெரியும். அதன்மேல் ஃபிரூஸே கிளேஸ். தூரிகை பிடிக்கத் தெரியாதவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

தொடங்குமுன்

ஈரானிய வேலைகளில் எதைப் பார்க்கிறோம் என்று பிரித்தறிய இரண்டு ஊர்களைத் தெரிந்துகொண்டால் போதும்: நிஷாபூர், காஷான்.

நிஷாபூர் வடகிழக்கில், குராசானில் இருக்கிறது. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் அங்கே செம்மண் பாத்திரத்தின் மேல் வெள்ளைக் களிக்குழம்பு பூசி, அதன்மேல் கருப்பிலும் செம்பழுப்பிலும் எழுதி, தெளிந்த ஈயக் கிளேஸால் மூடினார்கள். ஈயக் கிளேஸ் உருகும்போது வெறும் நிறத்தை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். அதனால் நிறத்தைக் களிக்குழம்பில் குழைத்துப் பூசினார்கள், ஓடாமல் நின்றது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இவ்வகைக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. விளிம்பைச் சுற்றி கூஃபி என்ற பழைய அரபு எழுத்து நெட்டையாக, நடுவில் வெறும் வெள்ளை. வேலையில் இறங்குமுன் திட்டமிட்டால் பின்னால் வருந்த வேண்டியிராது என்பது அதில் எழுதியிருக்கும் அரபு வாசகத்தின் பொருள். அந்த வெற்றிடத்தைப் பல நாள் பார்த்திருக்கிறேன். எதுவும் வரையாமல் விட அந்தக் கைவினைஞருக்கு எவ்வளவு துணிவு இருந்திருக்க வேண்டும்!

காஷான் நாட்டின் நடுவில், பாலைவன ஓரத்தில் இருக்கும் ஊர். பாரசீகத்தில் ஓட்டுக்கு 'காஷி' என்று பெயர் வந்ததே இந்த ஊரால்தான். நம் கிண்ணமும் இந்த மரபைச் சேர்ந்தது. இங்கே வேலை செய்த அபூ தாஹிர் என்ற குயவர் குடும்பத்தில் பிறந்த அபுல் காசிம், 1301இல் எழுதிய நூலில் ஒரு பகுதியை இந்தத் தொழிலுக்கே ஒதுக்கினார். கற்கள், உப்பு, சூளை, விறகு எல்லாம் அதில் இருக்கின்றன. நாம் கலக்கப்போகும் மண்ணின் அளவும் அவர் சொன்னதுதான்.

மண்: பத்து, ஒன்று, ஒன்று

அபுல் காசிமின் கணக்கு எளிது. வெங்கச்சங்கல் மாவு பத்துப் பங்கு, அரைத்த கண்ணாடித்தூள் ஒரு பங்கு, வெள்ளைக் களிமண் ஒரு பங்கு. பெயருக்குத்தான் இது மண், பெரும்பகுதி கல். சூட்டில் வெங்கச்சங்கல் நன்றாக விரியும், ஆறும்போது சுருங்கும். காரக் கிளேஸும் அப்படியே. ஒன்றுக்கு ஒன்று இணங்கிப் போவதற்காகவே இந்தக் கலவை. சீனப் பீங்கானின் வெண்மையை எட்டிப் பிடிக்கவும் இதுவே அவர்களுக்கு வழியாயிற்று.

கடையில் கேட்க வேண்டிய பெயர்கள்: வெங்கச்சங்கல் மாவுக்கு 200 மெஷ் (சல்லடைக் கண் அளவு) குவார்ட்ஸ் பவுடர், கண்ணாடித்தூளுக்கு சோடா மிகுந்த ஃபிரிட், வெள்ளைக் களிமண்ணுக்கு பால் கிளே (ball clay), இவற்றோடு பென்டோனைட் என்ற பசையுள்ள களிமண். ஒரு கிலோ குவார்ட்ஸுக்கு 100 கிராம் ஃபிரிட், 100 கிராம் பால் கிளே. பழைய அளவு இது. முதல் தடவை செய்கிறவர் பால் கிளேயை 200 கிராமாக்கி, 25 கிராம் பென்டோனைட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெண்மை கொஞ்சம் குறைந்தாலும் கைக்கு வசப்படும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதில் சமரசம் வேண்டாம். குவார்ட்ஸ் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. கல்லுடைக்கும் தொழிலாளர்களுக்கு வரும் சிலிக்கோசிஸ் இதனால்தான் வருகிறது. முகத்தில் துணி கட்டினால் போதாது. நன்றாகப் பொருந்தும் என்95 முகமூடி வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். தூளைத் தண்ணீரில் போடுங்கள். தூளின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். வேலை முடிந்ததும் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வரவே கூடாது.

குழம்பாகக் கலக்கியதைத் துணியில் ஊற்றி நீர் வடிய விட்டு, இரண்டு நாள் மூடி வையுங்கள். பதம் பார்க்கப் புட்டு சுடுகிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும் என்பது புட்டுமாவு. கொழுக்கட்டை மாவு கையில் ஒட்டாமல் உருளும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். விரலிடுக்கில் நறநறவென்று மணல் தெரியும், கயிறாக உருட்டினால் அறுந்துவிடும். கெட்டுப்போயிற்று என்று நினைக்காதீர்கள், இதன் குணமே அதுதான்.

வடிவம்

சக்கரத்தில் இதை எழுப்பப் பழகிய கை வேண்டும். காஷானில் அச்சும் பயன்பட்டது, நாமும் அச்சுக்கே போவோம். ஒரு எவர்சில்வர் கிண்ணத்தின் வெளிப்புறத்தை வைத்துப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் குழி அச்சு எடுங்கள். அச்சு உலர்ந்ததும் உள்ளே பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, சுருக்கமில்லாமல் விரியுங்கள். இந்த மண் உலரும்போது மிகக் கொஞ்சமே சுருங்கும் என்பதால், துணி இல்லாவிட்டால் அச்சைவிட்டு வராது.

மண்ணைச் சிறுசிறு உருண்டையாக வைத்து, பெருவிரலால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி அழுத்திக்கொண்டே போங்கள். கனம் ஆறேழு மில்லிமீட்டர். மெல்லிசாக வேண்டும் என்ற ஆசை இப்போது வேண்டாம். மறுநாள் துணியோடு தூக்கி, துணியை மெதுவாக உரித்து, அடியில் ஒரு வளையம் ஒட்டிப் பாதம் வையுங்கள்.

கருப்பு

கிண்ணம் ஈரம் அடங்கி, தொட்டால் குளிர்ச்சியாகவும் அழுத்தினால் அமுங்காமலும் இருக்கும் பதத்தில் கருப்பைப் பூச வேண்டும். உடலுக்குக் கலந்த அதே தூள் 60 கிராம், ஃபிரிட் 20, கருப்பு ஸ்டெயின் (பீங்கானுக்கான நிறப்பொடி) 20. தண்ணீர் விட்டுத் தயிர்ப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டெயின் வாங்கும்போது 'கோபால்ட் இல்லாத கருப்பு' என்று அழுத்திச் சொல்லுங்கள். காரக் கிளேஸ் கோபால்ட்டைக் கரைத்து இழுத்துவிடும். காஷான் கிண்ணங்களில் நீலக் கோடுகள் மங்கிக் கசிந்திருப்பதையும், பக்கத்திலேயே கருப்புக் கோடுகள் நேற்று எழுதியது போல நிற்பதையும் படங்களில் பார்க்கலாம். பழைய கருப்புக்கு அவர்கள் குரோமைட் தாதுவைப் பயன்படுத்தினார்கள். குரோமியம் இந்தக் கிளேஸில் கரையாது. அந்த ஒரு குணத்தின் மேல்தான் நிழலுரு வேலை முழுவதும் நிற்கிறது.

அகலத் தூரிகையால் மூன்று கை பூசுங்கள். விரல்நகம் அளவுக்குக் கனம் ஏறட்டும்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். பூச்சின் மினுமினுப்பு போய், மங்கிய கரும்பலகை போல ஆனதும் கத்தியை எடுங்கள். முதலில் உருவத்தின் ஓரத்தைக் கோடாகக் கீறுங்கள். கத்தியைச் செங்குத்தாகப் பிடிக்காமல் உருவத்திலிருந்து வெளிப்புறம் சாய்த்துப் பிடித்தால் ஓரம் உதிராது. பிறகு தட்டை முனையால் பின்புலத்தை உராய்ந்தால் கருப்பு சுருள் சுருளாகக் கழன்று, கீழே சுண்ணாம்பு வெள்ளை தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக, இருட்டுக்குள்ளிருந்து ஒரு இலை வெளியே வரும். அந்த நேரத்தில் வேறு எதுவும் காதில் விழாது.

உருவத்துக்கு நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் பட்டைகள், வளைந்த தண்டு, நீண்ட இலை போதும். நுணுக்கமான கோடு வேண்டாம். கிளேஸ் மேலே வந்ததும் பெரிய உருவங்களே நிற்கும். வெள்ளை மண்ணைத் தோண்டிவிடாமல் மட்டும் பாருங்கள், பள்ளத்தில் கிளேஸ் தேங்கினால் அந்த இடம் கறுத்துத் தெரியும். சீவிய தூளில் குவார்ட்ஸும் குரோமியமும் இருப்பதால் வாயால் ஊதக்கூடாது, முகமூடியும் கழற்றக்கூடாது.

மூன்று நாள் நிழலில் உலரவிட்டு 950 டிகிரி செல்சியஸுக்கு முதல் சூடு கொடுங்கள். 573 டிகிரியில் குவார்ட்ஸ் படிகம் திடீரென உரு மாறி விரியும், இறங்கும்போது அதே இடத்தில் சுருங்கும். நம் கிண்ணத்தின் பெரும்பகுதி குவார்ட்ஸ் ஆகையால் 500க்கும் 650க்கும் இடையே மணிக்கு 60 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். என் முதல் கிண்ணம் இங்கேதான் பிளந்தது. அவசரம் எனதுதான்.

கிளேஸ்

அந்தக் காலத்தில் சோடா வந்தது செடியிலிருந்து. உப்பு மண்ணில் வளரும் உஷ்னான் செடியை எரித்துச் சாம்பல் எடுத்தார்கள். நம் கடலோரத்து உமரியை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதே மாதிரிச் செடி. ஆனால் சாம்பலின் சோடா தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால் நேரே பூசினால் பாத்திரத்துக்குள் ஊறிப் போகும். ஆகவே வெங்கச்சங்கல் மாவோடு சேர்த்து உருக்கி, உருகியதைத் தண்ணீர் நிறைந்த குழியில் ஊற்றினார்கள். தீயும் நீரும் சந்திக்கும் அந்த நொடியில் இடி இடித்தது போல ஓசை எழும் என்று அபுல் காசிம் எழுதியிருக்கிறார். பொரிந்து நொறுங்கிய கண்ணாடியை அரைத்தால் கரையாத சோடா கிடைக்கும். நாம் கடையில் வாங்கும் ஃபிரிட் இதே சரக்கு.

ஃபிரிட் வாங்கும்போது போரான் குறைவாகவும் சோடா அதிகமாகவும் இருக்கிறதா, ஈயம் இல்லையா என்று விவரத்தாளைக் கேட்டு வாங்குங்கள். போரான் கூடினால் நிறம் பச்சைப் பக்கம் சாயும். நான் தொடங்கச் சொல்லும் அளவு: ஃபிரிட் 85, குவார்ட்ஸ் 10, சீனக்களிமண் 5. இந்த நூறுக்கு மேல் காப்பர் கார்பனேட் 3, பென்டோனைட் 2. உங்கள் ஃபிரிட் வேறு, சூளை வேறு. எனவே இது சோதித்துப் பார்க்கத்தான்.

சோதனையை விடாதீர்கள். கல்மாவில், அதாவது நாம் கலந்த குவார்ட்ஸ் மண்ணில், மூன்று சில்லு, சாதாரணச் செம்மண்ணில் மூன்று சில்லு செய்து சுட்டு வையுங்கள். செம்பு 1, 3, 5 என்று மூன்று அளவில் ஒவ்வொரு மண்ணிலும் பூசிச் சுடுங்கள். செம்மண் சில்லுகளில் அதே கிளேஸ் அழுக்குப் பச்சையாகி, விரிசல் வலையோடு வரும். கல்மாவில் தண்ணீர் தேங்கியது போல நீலம் நிற்கும். ஆறு சில்லையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தபோதுதான் காஷான்காரர்கள் மண்ணுக்காக ஏன் அவ்வளவு பாடுபட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது.

கிளேஸை 80 மெஷ் சல்லடையில் இரண்டு முறை வடிகட்டுங்கள். கெட்டி, தோசைமாவைவிடச் சற்றுத் தளர்வு. கிண்ணத்தை ஈரப் பஞ்சால் துடைத்துத் தூசு போக்கிய பின் உள்ளே ஊற்றி, ஒரு சுற்றுச் சுற்றி, மீதியைக் கவிழ்த்துவிடுங்கள். வெளியே பாதத்துக்கு ஒரு விரற்கடை மேலேயே நிறுத்திவிடுங்கள். இந்தக் கிளேஸ் ஓடும். பழைய காஷான் கிண்ணங்களின் வெளிப்புறத்தில் கிளேஸ் பாதம் வரை வராமல் அலை அலையாக நின்றிருப்பதும், நுனியில் ஒரு கனத்த நீலச் சொட்டு உறைந்திருப்பதும் வழக்கம். ஒரு நொடி தாமதித்திருந்தால் சூளைத் தட்டில் ஒட்டியிருக்கும். அந்தச் சொட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மேலே வெளிர் ஃபிரூஸே, கனம் கூடும் அடியில் கடல் நீலம், உள்ளே ஊசிமுனைக் குமிழிகள். கிளேஸின் கனத்தால் நிறம் எவ்வளவு மாறும் என்பதற்கு அதைவிடச் சிறந்த பாடம் கிடையாது.

இரண்டாம் சூடு

மின்சூளையில் 1040 முதல் 1060 டிகிரி வரை கொண்டுபோய், உச்சியில் இருபது நிமிடம் நிறுத்துங்கள். 573இல் மறுபடியும் நிதானம் தேவை. விறகுச் சூளையானால் புகை இருக்கக்கூடாது. புகையில் செம்பு ஆக்சிஜனை இழந்து சிவந்தோ மங்கியோ போகும். பாக்தாதிலும் தப்ரீஸிலும் புகை வராமலிருக்கப் பட்டை உரித்த வில்லோ மரத்தை எரித்தார்கள் என்கிறார் அபுல் காசிம். சுட்ட பாத்திரங்களை ஒரு வாரம் கழித்தே வெளியே எடுத்தார்களாம். நமக்கு ஒன்றரை நாள் போதும். மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கும் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

வெளியே எடுத்த கிண்ணம் சரியில்லையா? கருப்பில் உலோகப் பளபளப்பு ஏறியிருந்தால் செம்பு கூடிவிட்டது, 2க்கு இறக்குங்கள். கிளேஸ் திட்டுத் திட்டாகச் சுருண்டு வெற்றிடம் விட்டிருந்தால் தூசு அல்லது கைப்பிசுக்கு. எல்லாம் கீழே ஓடிவிட்டால் 20 டிகிரி குறையுங்கள். வெளிறியிருந்தால் பூச்சு மெல்லிசு. மெல்லிய விரிசல் வலை வந்திருந்தால் மண்ணில் பால் கிளே அதிகம், அடுத்த முறை பழைய பத்து, ஒன்று, ஒன்றுக்கு அருகில் போங்கள்.

இந்தக் கிண்ணத்தில் சாப்பிடக் கூடாது. செம்பு மிகுந்த காரக் கிளேஸ் புளிப்பில் கரையும். ரசமோ மோரோ ஊறுகாயோ வேண்டவே வேண்டாம். ஒரு எலுமிச்சைத் துண்டை இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். அந்த இடம் மங்கினால் கரைகிறது என்று பொருள். மங்காவிட்டாலும் உணவுக்கு ஆகும் என்று அர்த்தமில்லை. பழைய ஈயக் கிளேஸ் பாத்திரங்களும் அப்படியே, அவை இன்னும் ஆபத்து. சாவி போட்டு வையுங்கள், பூ மிதக்க விடுங்கள்.

அடுத்து எங்கே போவது

நாலைந்து கிண்ணம் கைவந்த பிறகு, அதே ஃபிரூஸே கிளேஸின் கீழ் தூரிகையால் கருப்புக் கோடு வரையுங்கள். 1200ஐ ஒட்டி காஷானில் அதற்கே மாறினார்கள். ஓட்டில் ஆசை உள்ளவர்களுக்கு ஹஃப்த் ரங், அதாவது 'ஏழு வண்ணம்' இருக்கிறது. எண்ணெய்ப் பசையுள்ள கருப்புக் கோட்டால் எல்லை கட்டி, நடுவில் வண்ணக் கிளேஸ்களை நிரப்புவார்கள். உருகும்போது ஒன்று மற்றொன்றில் கலக்காமல் அந்தக் கோடு வேலி காக்கும். 1611இல் கட்டத் தொடங்கிய இஸ்ஃபஹான் ஷா பள்ளிவாசலின் பரந்த சுவர்களை மூடியது இந்த முறைதான். கிளேஸின் மேல் எனாமல் தீட்டி மறுபடி குறைந்த சூட்டில் சுடும் மீனாயி அதற்கப்புறம். பொன்போல் மின்னும் லஸ்டருக்கு வெள்ளியும் செம்பும் பூசி, புகையுள்ள சூளையில் சுட வேண்டும். பழைய குறிப்புகளில் ஆர்செனிக் தாதுக்களும் உண்டு. தேர்ந்தவர் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

நேரில் பார்க்க தெஹ்ரானின் ஆப்கினே அருங்காட்சியகம் கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் என்றே இருப்பது. நமக்கு எட்டும் தூரத்தில் கர்நாடகத்தின் பீதர் இருக்கிறது. ஈரானின் கீலானிலிருந்து வந்து பாமினி அரசின் அமைச்சரான மஹ்மூத் கவான் 1472இல் கட்டிய மதரஸாவின் முகப்பிலும் எஞ்சி நிற்கும் மினாரிலும் ஓட்டு வேலை திட்டுத் திட்டாக இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் போங்கள்.

அடுத்த கிண்ணத்தைச் சூளையில் வைக்குமுன் ஒரு வேலை. காஷானின் அபூ ஸைத் தன் பாண்டங்களில் பெயரும் தேதியும் எழுதினார். அவற்றை வைத்துத்தான் 1186 முதல் 1219 வரை அவர் வேலை செய்தது இன்று தெரிகிறது. உங்கள் கிண்ணத்தின் பாதத்துக்குள், மண் ஈரமாக இருக்கும்போதே, தேதியையும் மண் கலவையின் எண்ணையும் ஊசியால் கீறிவிடுங்கள். கிளேஸ் அளவும் உச்சிச் சூடும் நோட்டில் அதே எண்ணுக்கு நேரே எழுதிக்கொள்ளுங்கள்.